பதிவேட்டில் பதினெட்டு வயது

கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் முதலில் மணப்பெண்ணின் பெயரைப் பார்த்தேன். பிறகு பத்திரிகை கொண்டுவந்த தாயின் முகத்தைப் பார்த்தேன். முகூர்த்த நாளைக் கடைசியாகத்தான் பார்த்தேன். இருபத்திரண்டு நாள் இருந்தது.

வந்தவர்கள் இரண்டு பேர். பெண்ணின் தாய், தாயின் அண்ணன். பள்ளங்கிக்குப் போகும் வழியில், இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் குடியிருப்பு ஒன்று இருக்கிறது. அங்கே உள்ள தொடக்கப் பள்ளியில் ஒன்பது வருடம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடமாகிவிட்டது. ஆனாலும் அந்தக் குடியிருப்பில் எந்த விசேஷம் என்றாலும் கொடைக்கானலுக்கு வந்து எனக்குப் பத்திரிகை வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

மாப்பிள்ளைக்கு வத்தலக்குண்டு, வேன் ஓட்டுகிறார், வயது இருபத்தொன்பது என்று அண்ணன்காரர் சொன்னார். எனக்கு எதிரில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பிறகு அவராகவே ஆரம்பித்தார்.

"பதினெட்டு முடியட்டும்னு காத்திருந்தோம் சார். போன மாசந்தான் முடிஞ்சுச்சு. எங்க ஊருல வந்து பேசினீங்கள்ல, பதினெட்டுக்கு முன்னாடி செஞ்சா அது பிள்ளையோட உரிமையப் பறிக்கிறதுன்னு. அத நான் மறக்கல. சட்டப்படிதான் செய்றோம்."

அந்தத் தாய் தலையைக் குனிந்து சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். என் மனைவி கொண்டுவந்து வைத்த காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நல்லது, நல்லது என்று நான் இரண்டு தடவை சொன்னேன். அவர்கள் கேட்டைத் திறந்து வெளியே போன பிறகும் அதையே இன்னொரு தடவை சொன்னேனாம். மனைவி சொல்லித்தான் தெரியும்.

அந்தப் பெண்ணுக்குப் பதினெட்டு முடியவில்லை. பதினாறு வருடம் நான்கு மாதம்தான் ஆகிறது. இது அவள் தாய்க்குத் தெரியும். எனக்கும் தெரியும். பதிவேட்டில் பதினெட்டு ஆகும்படி எழுதியதே நான்தான்.

ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல், ஒரு தொண்டு அமைப்பு கூப்பிட்டபோது போனேன். ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை எளிய தமிழில் ஆசிரியர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். மொத்தம் ஐம்பத்து நான்கு பிரிவுகள், உறுப்புகள் என்பார்கள். பண்ணைக்காடு, வில்பட்டி, பள்ளங்கி என்று மலையில் மேலும் கீழுமாக முப்பத்தொரு கூட்டம் பேசினேன். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர் குழந்தை என்கிறது முதல் உறுப்பு. அங்கே நிறுத்தி, நிதானமாக, எல்லோரையும் திருப்பிச் சொல்லச் சொல்லுவேன். பிறந்தவுடன் குழந்தையைப் பதிவு செய்ய வேண்டும், அதற்கென்று ஒரு பெயர் இருக்க வேண்டும் என்கிறது ஏழாவது. ஒரு குழந்தையின் அடையாளம் பறிபோயிருந்தால் அதை விரைவில் மீட்டுக்கொடுக்க அரசு உதவ வேண்டும் என்கிறது எட்டாவது. இந்த இரண்டையும் கடகடவென்று வாசித்துவிட்டு ஒன்பதாவதுக்குப் போய்விடுவேன். முப்பத்தொரு கூட்டத்திலும் அப்படித்தான். ஏன் சார் இதில் மட்டும் ஓடுகிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை.

அந்தத் தாய்க்கு முதலில் ஒரு பெண் பிறந்தது. அரசு ஆஸ்பத்திரியில், ஒரு மே மாதம், நடுப்பகலில். பிறப்புச் சான்றிதழ் முறையாக வாங்கினார்கள். பதினோராவது மாதம் காய்ச்சல் வந்து குழந்தை போய்விட்டது. குடியிருப்புக்கு மேலே மரங்களுக்கு நடுவில் புதைத்தார்கள். பள்ளிக்கு அரை நாள் விடுமுறை விட்டுவிட்டு நானும் போய் நின்றேன். இறப்பை யாரும் பதியவில்லை. அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அங்கே யாரும் பதிவதில்லை.

அதிலிருந்து பத்தாவது மாதம், பிப்ரவரியில், அடுத்த பெண் பிறந்தது. இதற்கு ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. போனவளே பத்து மாதத்தில் திரும்பி வந்துவிட்டாள் என்று குடியிருப்பு முழுக்கப் பேசிக்கொண்டார்கள். தாய் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். அதே பெயரை வைத்தாள். திரும்பி வந்தவளுக்குப் புதிதாக என்ன பதிவு, சான்றிதழ்தான் பெட்டியில் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள். மூத்ததற்கும் இளையதற்கும் இடையில் இருபத்தொரு மாதம்.

நான் ஓய்வு பெறவிருந்த வருடம் பள்ளியில் பதினான்கு பிள்ளைகள் இருந்தார்கள். பதினைந்து இருந்தால் பள்ளி நிலைக்கும், இல்லையென்றால் மூன்று கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளியோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு. அந்த வழியில் காட்டுமாடுகள் நிற்கும். ஆறு வயதுப் பிள்ளைகள் அதில்தான் நடந்து போக வேண்டும். வீடு வீடாகப் போனேன். கடைசியில் இந்த வீட்டுக்குப் போனேன். தாய் சான்றிதழை எடுத்து நீட்டினாள். அதன்படி ஐந்து வருடம் ஒரு மாதம். எதிரில் நின்ற பிள்ளைக்கு மூன்று வருடம் நான்கு மாதம்.

வழக்கப்படி வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னேன். விரல் உச்சந்தலையைத் தாண்டவில்லை. பிள்ளை இன்னும் எட்டித் தொடப் பார்த்தது, உதட்டைக் கடித்துக்கொண்டு. போதும் என்று சொல்லிவிட்டுப் பதிவேட்டில் எழுதினேன். பதினைந்து.

பள்ளி நிலைத்தது. ஆனால் அந்தப் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றே முக்கால் வருடம் பெரிய பிள்ளைகளோடு உட்கார்ந்தது. மற்றவர்களுக்கெல்லாம் முன்பற்கள் விழுந்து முளைத்தபோது இவளுக்கு ஒன்றுகூட ஆடவில்லை என்று எனக்குப் பின் வந்த ஆசிரியை சொன்னார். மந்தம், மெதுவாகத்தான் வரும் என்றும் சொன்னார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குள் தகப்பன் மரம் வெட்டப் போன இடத்தில் இறந்துபோனார். போன வருடம் பிளஸ் டூவில் இரண்டு பாடம் தவறியது. அதிலிருந்து பெண் கொடைக்கானல் கடைத்தெருவில் ஒரு சாக்லேட் கடையில் பொட்டலம் கட்டுகிறாள்.

பத்திரிகை வந்த மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய்க்கு என்னைத் தெரியும். கல்யாணப் பெண்ணுக்கு லீவு கேட்க வாத்தியாரே வந்துவிட்டாரா, அது இப்போதே பாதி லீவில்தான் வேலை செய்கிறது என்று சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை. கால் கிலோ வாங்குவது போல நின்றுகொண்டு அவளிடம் கேட்டேன், இதில் உனக்குச் சம்மதமா என்று.

"கேட்டு என்ன செய்யப் போறீங்க சார்?" என்றாள். கை நிற்கவில்லை, தாளை மடித்துக்கொண்டே இருந்தது. "ரெண்டு பாடம் கெடக்கு. எழுதிட்டு அப்பறம் பாப்போம்னு சொன்னேன். மக்குக்கு எதுக்கு மறுபடி பரீட்சைன்னு மாமா சொல்லிருச்சு."

வீட்டுக்கு வரும் ஏற்றத்தில் மூன்று இடத்தில் நின்றேன். மூச்சுக்காக ஒரு இடம், மற்ற இரண்டும் யோசிப்பதற்காக. அன்று மாலையே குழந்தைகள் உதவி எண்ணுக்கு என் பெயரைச் சொல்லாமல் பேசினேன். என் கோழைத்தனத்துக்கு அதுவே பெரிய காரியமாகத் தெரிந்தது. இரண்டு நாளில் ஆட்கள் குடியிருப்புக்குப் போனார்கள். பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்கள், பள்ளிச் சான்றிதழைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே தேதியைச் சொன்னன. பதினெட்டு முடிந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. காகிதத்தைத்தான் பார்க்க முடியும். அந்தக் காகிதம் ஒரு பிள்ளையின் எல்லாப் பாதுகாப்பையும் வெளியிலிருந்து பூட்டிவிட்டது. நாடுகள் கூடி எழுதிய ஐம்பத்து நான்கு உறுப்பும் அவளுக்கு இல்லை என்று ஆனது.

பதினேழு நாள் இருந்தது. நான் என் பெயரில் எழுத உட்கார்ந்தேன். அந்த வருடம் மாணவர் சேர்க்கையில் நான் தெரிந்தே தவறான பிறந்த தேதியை எழுதினேன் என்ற ஒரு வாக்கியத்தில் ஆரம்பிக்க வேண்டும். நான்கு தாள் கிழித்தேன். முதல் மூன்றிலும் காட்டுமாடுகள் முதல் வரியிலேயே வந்து நின்றன. ஐந்தாவதில் அவற்றை எடுத்துவிட்டேன்.

மனைவி பின்னாலிருந்து வாசித்துவிட்டு, "இத்தன வருசம் இத வயித்துல வச்சுக்கிட்டா ஊர் ஊராப் போயி பேசினீங்க?" என்றாள். இந்த வயதில் விசாரணை, விளக்கம் என்று அலைய உடம்பில் என்ன இருக்கிறது என்றும் கேட்டாள். மறுநாள் வெள்ளனே எழுப்பி, ஸ்வெட்டரையும் குல்லாவையும் எடுத்துக் கையில் கொடுத்தாள்.

முதல் பேருந்தில் திண்டுக்கல் இறங்கினேன். மலைப்பாதை வளைவுகளை எப்போதும் எண்ணுவேன். அன்று பாதியில் எண்ணிக்கை விட்டுப்போனது, வத்தலக்குண்டு வரை அதுவே தொந்தரவாக இருந்தது. குழந்தைகள் நலக்குழுவில் ஒரு அம்மா என் தாளை இரண்டு தடவை வாசித்தார். என் மகள் வயது இருக்கும். கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

"வயசுக்கு முதல்ல பள்ளிக்கூடச் சான்றிதழைத்தான் சார் பாக்கணும். அதை எழுதினதும் நீங்க, அது தப்புன்னு சொல்றதும் நீங்க. அன்னைக்கு எழுதினதை நம்பவா, இன்னைக்கு எழுதினதை நம்பவா?"

எலும்புச் சோதனை செய்யலாமே என்றேன். அதில் ஒன்றிரண்டு வருடம் முன்னே பின்னே வரும், பதினெட்டு என்று வந்துவிட்டால் இன்னும் சிக்கல் என்றார். அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது வேண்டும். கிராமச் செவிலியர் கொடுத்த தடுப்பூசி அட்டை இருந்தால் போதும். அட்டை தாயிடம்தான் இருக்கும். தாயையும் பெண்ணையும் விசாரணைக்கு வரச்சொல்லி ஒரு நாள் குறித்தார். அது முகூர்த்தத்துக்கு எட்டு நாள் முன்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புக்குப் போனேன். தாய் கீழே கேரட் கழுவும் இடத்தில் இருந்தாள். மண் போன கேரட்டைப் பெரிது சிறிது என்று பிரித்து மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தாள். மகளும் பக்கத்தில் இருந்தாள். கடைக்குப் போக வேண்டாம் என்று மாமன் நிறுத்திவிட்டாராம். மற்றப் பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். விசாரணைக் கடிதம் வந்துவிட்டது, யார் எழுதிக் கொடுத்தது என்பதும் தெரிந்துவிட்டது.

"எங்க வீட்டுப் பத்திரிகைய வாங்கிக்கிட்டு எங்க மேலயே பிராது குடுத்திருக்கீங்க," என்றாள் தாய். நிமிர்ந்து பார்க்கவில்லை. "வந்த சோலி முடிஞ்சதுல்ல. வெரசாக் கெளம்புங்க சார், மழை வருது."

பிராது உன்மேல் இல்லை, என்மேல்தான் என்றேன். காதைத் தொடச் சொன்னது, விரல் எட்டாதது, எழுதியது எல்லாவற்றையும் அத்தனை பேர் முன்னால் சொன்னேன். தடுப்பூசி அட்டையைக் கொடு என்று கேட்டேன்.

அவள் ஒரு கேரட்டைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தாள். பெரிது பக்கமும் போடவில்லை, சிறிது பக்கமும் போடவில்லை.

"எனக்கு ஒரே பிள்ளைதான் சார். போச்சு, திரும்பி வந்துச்சு. ரெண்டு பிள்ளைன்னு நீங்க எழுதினா, ஒண்ணு செத்துப்போச்சுன்னுல்ல ஆகும்."

இத்தனை வருடமாக நான் இதை அறியாமை என்று வைத்திருந்தேன். சான்றிதழைப் பற்றிய அறியாமை. அங்கே நின்றபோதுதான், அவள் அந்தக் காகிதத்தால் எதை மூடி வைத்திருக்கிறாள் என்று தெரிந்தது. அதற்கு எதிராக ஏழாவது உறுப்பை எப்படிச் சொல்வது?

மகள்தான் பேசினாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"எனக்கு முன்னாடி ஒருத்தி இருந்தாளா?"

தாயைப் பார்த்தேன். தாய் தடுக்கவில்லை. இருந்தாள் என்றேன்.

"அப்ப எனக்கு இப்ப என்ன வயசு?"

"பதினாறு வருசம், நாலு மாசம்."

அவள் விரலை மடக்கினாள். எதையோ கழித்தாள்.

"பிளஸ் டூ எழுதும்போது பதினஞ்சா?"

பதினைந்து வருடம் ஒரு மாதம் என்றேன். பக்கத்துப் பெண் ஒருத்தி, பதினைந்திலேயா நாலு பாடம் தேறினாய் என்று வாய்க்குள் சொன்னாள். மகள் அதைக் கேட்டாளோ என்னவோ, முகம் ஒரு மாதிரி ஆனது. அழப்போகிறாள் என்று நினைத்தேன். இல்லை.

"அப்ப நான் மக்கு இல்லையா சார்?"

எனக்குத் தெரிந்த எந்த எண்ணும் அந்த நேரத்தில் உதவவில்லை. இல்லை என்று சொல்வதற்கு எனக்கு அருகதை இருக்கிறதா என்று அந்த இடத்திலும் யோசித்தேன், அப்படி ஒரு பிறவி நான். தலையை மட்டும் ஆட்டினேன். தாய் கையிலிருந்த கேரட்டை மூட்டையில் போட்டுவிட்டு, தண்ணீரில் கையை அலம்பிக்கொண்டு மேலே ஏறிப் போய்விட்டாள். அட்டையை எடுக்கப் போகிறாள் என்று நின்றேன். மழை வந்தது. அவள் வரவில்லை.

விசாரணைக்கு இருந்த அத்தனை நாளும் நாள்காட்டியின் முன்னாலேயே நின்றேன். அதைப் பார்க்காதீர்கள் என்று மனைவி அதைத் திருப்பி மாட்டினாள். நான் போகும்போதும் வரும்போதும் திரும்பவும் திருப்பினேன். அண்ணன்காரர் தொலைபேசியில் கூப்பிட்டு, பதினெட்டு முடியட்டும் என்று சொன்னதும் நீங்கள், முடிந்த பிறகு முடியவில்லை என்பதும் நீங்கள், நாங்கள் எதைத்தான் சார் கேட்பது என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். அந்த மனிதர் என் பேச்சை நம்பியதைத் தவிர ஒரு தவறும் செய்யவில்லை.

விசாரணை நாளன்று திண்டுக்கல்லில் அவர்களுக்கு முன்பே போய் உட்கார்ந்துவிட்டேன். தாய், மகள், மாமன் மூவரும் பதினொரு மணிக்கு வந்தார்கள். முதலில் மகளை மட்டும் உள்ளே கூப்பிட்டார்கள். குழந்தையைப் பாதிக்கும் எதிலும் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும், அது பன்னிரண்டாவது உறுப்பு. நான் கூட்டங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன். கதவு இத்தனை நேரம் மூடியிருக்கும் என்று தெரியாது. இருபத்தாறு நிமிடம்.

பிறகு எல்லோரையும் கூப்பிட்டார்கள். குழுவின் அம்மா தாயிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், அட்டை இருக்கிறதா என்று. தாய் மடியிலிருந்த மஞ்சள் பையை அவிழ்த்தாள். மேசைமேல் ஒரு அட்டையை வைத்தாள். அதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்தாள். இரண்டிலும் ஒரே பெயர், ஒரே தாய், ஒரே தகப்பன். ஒன்றில் ஒன்பதாம் மாதத்து ஊசி வரை மை இருந்தது, அதற்குப் பிறகு எல்லாக் கட்டமும் வெறுமை. மற்றொன்று அடுத்த வருடப் பிப்ரவரியில் தொடங்கி ஐந்து வயது வரை நிரம்பியிருந்தது. இரண்டையும் அவள் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

மாமன் குனிந்து இரண்டு அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். வேறு ஊரில் வேலையிலிருந்த வருடங்கள் அவை, எனக்கு யாரும் சொல்லவில்லையே என்று தங்கையிடம் மெதுவாகக் கேட்டார். மாப்பிள்ளை வீட்டுக்கு அவரே வெளியில் போய்த் தொலைபேசியில் பேசினார். பதினெட்டு முடியும் வரை திருமணம் கூடாது என்று உத்தரவானது. தாய் கையெழுத்துப் போட்டாள்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். அந்தப் பெண்ணின் கைக்குச் சொந்தமாக ஒரு சான்றிதழும் இன்னும் வரவில்லை. மதிப்பெண் பட்டியலில் இன்னும் அக்காளின் தேதிதான் இருக்கிறது. அதை மாற்ற நான் இதுவரை எழுதிய மனு ஏழு. துறையிலிருந்து எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, பதில் எழுதிவிட்டேன், காட்டுமாடு இல்லாமல். அடுத்த பரீட்சைக்குப் பணம் கட்டியாயிற்று, எந்தத் தேதியில் பிறந்தவளாக எழுதுவாள் என்பதுதான் தெரியவில்லை.

காலம் கடந்த பதிவுக்கான கோட்டாட்சியரின் உத்தரவு கிடைத்து, போன வாரம் பதிவு அலுவலகத்துக்குப் போனோம். எழுத்தர் இரண்டு படிவங்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று இறப்பு, ஒன்று பிறப்பு. இரண்டிலும் ஒரே பெயரை எழுத வேண்டியிருந்ததால் குழம்பிப்போய், எதை முதலில் எழுதட்டும் என்று கேட்டார்.

"மூத்தவளுக்கு மொதல்ல எழுதுங்க," என்றாள் தாய்.

எழுதினார். அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்திட்டாள். எழுத்தர் அடுத்த படிவத்தை இழுத்து, பிறந்த இடம் என்ன, வீடா ஆஸ்பத்திரியா என்றார். ஆஸ்பத்திரியில் நடுப்பகலில் பிறந்ததாகத்தான் அந்தப் பெண்ணுக்கு இதுவரை சொல்லி வளர்த்திருந்தார்கள்.

"வீடுன்னு போட்டுக்கங்க," என்றாள் தாய். "வீட்டுக்கு வந்து சேரல. வயல்ல இருந்து மேல ஏறும்போது வலி எடுத்துருச்சு. பாதி வழியில, கல்லு மேல சாஞ்சுக்கிட்டு. கூட வந்த பொம்பளைங்கதான் பாத்தாங்க."

மகள் நாற்காலியைத் தாயின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மழையாம்மா அன்னைக்கு?"

"இல்லடி. நல்ல வெயிலு. உன்னையத் தொடச்சு வெயில்லதான் போட்டிருந்தாங்க."

எழுத்தர் பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.